டெக்சஸ் நீதிமன்றங்களின் ‘டிஃபர்ட்’ ஏற்பாடு: யாருக்குக் கிடைக்கும், யாருக்குப் பயன்படும்?

டாலஸைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர் வீடொன்றில் வழக்கு என்று வந்துவிட்டால், முதல் வாரத்துக்குள் யாராவது ஒருவர் “டிஃபர்ட் வாங்கிவிடலாம், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிடுவார். முழுப் பெயர் டிஃபர்டு அட்ஜுடிகேஷன். தமிழில் ஒத்திவைக்கப்பட்ட குற்றத்தீர்ப்பு எனலாம். கடந்த சில ஆண்டுகளில் இரண்டு வழக்குகளில் இந்த ஏற்பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். ஒன்று என் மைத்துனருடையது. அவர் அதைப் பயன்படுத்தினார். மற்றொன்று மதுரையில் இருக்கும் நண்பரின் மகனுடையது. அவன் கையெழுத்துப் போடும் தறுவாயில் விலகிக்கொண்டான். நீதிமன்றம் கடை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு, நிபந்தனை விதித்து, காலவரையறையோடு வழங்கப்படும் ஒன்று யாருக்கு எவ்வளவு பெறும் என்று எடைபோடுவதில் தவறில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். நீதிமன்ற வராந்தாக்களில் காத்திருந்தும், சட்ட வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் தெரிந்துகொண்டவன் மட்டுமே.

முதலில், கொடுப்பது என்ன என்று பார்ப்போம். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதி முன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அல்லது ‘நோ கான்டெஸ்ட்’ என்று எதிர்ப்பில்லாமை தெரிவிக்கிறார். நீதிபதி சான்றுகளைப் பார்த்து, அவை குற்றத்தை மெய்ப்பிக்கப் போதுமானவை என்று கண்ட பிறகும், ‘குற்றவாளி’ என்ற முடிவை எழுதாமல் நிறுத்திவைத்து, சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு அவரைக் கண்காணிப்பில் வைக்கிறார். சிறு குற்றங்களுக்கு இந்தக் காலம் 2 ஆண்டுகளையும், பெருங்குற்றங்களுக்கு 10 ஆண்டுகளையும் தாண்டக் கூடாது. நிபந்தனைகளை நிறைவேற்றி முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும்; குற்றவாளி என்ற தீர்ப்பு எழுதப்படவே இல்லை என்பதால் டெக்சஸ் சட்டத்தின் பார்வையில் அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். இதை வழங்கும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டுமே உண்டு. ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு, வழக்கமான கண்காணிப்புத் தண்டனையைப் பரிந்துரைக்கலாமே தவிர, ஒத்திவைப்பைக் கொடுக்க முடியாது.

விலை எங்கே மறைந்திருக்கிறது என்றால், நிபந்தனையை முறித்தவர் நிலையில். நிபந்தனையை மீறினால் நீதிபதி நிறுத்திவைத்த தீர்ப்பை எடுத்து எழுதலாம். அந்த விசாரணையில் ஜூரி கிடையாது. அதன்பின் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் முழுத் தண்டனை வரம்பும் திறந்திருக்கும். இரண்டாம் நிலைப் பெருங்குற்றத்தில் ஐந்து ஆண்டு ஒத்திவைப்பு பெற்ற ஒருவர் நான்காம் ஆண்டில் தவறினால், அவர் முன்னே இருப்பது மிச்சமுள்ள ஓராண்டு அல்ல, 2 முதல் 20 ஆண்டு வரையிலான சிறை. வழக்கமான கண்காணிப்பில் தண்டனைக்கு ஒரு எண் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். இதில் அந்த இடம் வெற்றாக இருக்கிறது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவது போன்ற இந்த அம்சத்தை விளம்பரப் பலகைகளில் நான் பார்த்ததில்லை.

இனி தகுதி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஏ அத்தியாயத்தில், 102ஆம் பிரிவில் இது இருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் இந்த அத்தியாயம் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் இதே விதிகள் 42.12 என்ற ஒரே நீண்ட பிரிவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பிரிவின் அமைப்பே கவனிக்கத்தக்கது. யாருக்குத் தகுதி உண்டு என்று அது பட்டியலிடுவதில்லை. எல்லா வழக்கிலும் நீதிபதி வழங்கலாம் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாருக்கு இல்லை என்பதை மட்டும் எண்ணிச் சொல்கிறது. எனவே, முன்பு ஒரு முறை தண்டனை பெற்றவருக்குக்கூடப் பொதுவான தடை ஏதும் இல்லை. சட்டத்தில் வாசல் பலர் நினைப்பதைவிட அகலமானது; நடைமுறையில் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் மனமும் நீதிபதியின் மனமும்தான் அதைக் குறுக்குகின்றன. மொத்தம் 254 கவுன்ட்டிகள் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) இருக்கும் மாநிலத்தில் அந்த மனங்கள் ஒன்றுபோல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

விலக்கப்பட்டவற்றுள் நம்மவர்களை அதிகம் தொடுவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. நெடுங்காலம் இந்தக் குற்றத்துக்கு ஒத்திவைப்பே கிடையாது என்று இருந்தது. 2019இல் சட்டமன்றம் நிறைவேற்றிய 3582ஆம் எண் மசோதா, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், முதல்முறை சிக்கியவர்களுக்கு மட்டும் கதவைச் சற்றுத் திறந்தது. திறந்த விதம் மிகவும் கணக்கானது. இரத்தத்தில் மது அளவு (100 மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) 0.08 வந்தாலே குற்றம், 0.15 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒத்திவைப்புக்குத் தகுதி இல்லை. குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு குடித்து ஓட்டியிருந்தால் இல்லை. ஒருவருக்குக் கடுங்காயம் அல்லது மரணம் விளைந்திருந்தால் இல்லை. முன்பே இத்தகைய வழக்கு இருந்து தண்டனை கூட்டப்படும் நிலை இருந்தால் இல்லை. குற்றம் நடந்த வேளையில் வணிக வாகன ஓட்டுநர் உரிமமோ அதற்கான பயிற்சி உரிமமோ கையில் இருந்தால், ஓட்டியது சொந்தக் காராக இருந்தாலும், இல்லை.

என் மைத்துனரின் அளவு 0.12. அலுவலக விருந்து முடிந்து திரும்பும் வழியில், வீட்டுக்கு இரண்டு மைல் முன்பு நிறுத்தப்பட்டார். அவருக்குப் பக்கத்து இருக்கையில் நீதிமன்ற அழைப்புக்காகக் காத்திருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர், விடுமுறை நாளில் மனைவியின் காரில் சிக்கியவர், அளவு 0.09 தான் என்று தாமாகவே சொன்னார். குறைவாகக் குடித்தவருக்குக் கதவு மூடியிருக்க, கூடுதலாகக் குடித்தவர் உள்ளே போனார். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குப் பொறுப்பு அதிகம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிழைப்பே உரிமத்தில் தொங்கும் ஒருவரிடம்தான் இரண்டாம் வாய்ப்பைப் பறிக்கிறோம் என்பதும் அன்று அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

0.15 என்ற கோடும் அப்படித்தான். அந்தக் கோட்டைத் தாண்டினால் குற்றமே ஒரு படி மேலேறி, அதிகபட்சம் 180 நாள் சிறை என்பது ஓராண்டாகவும், 2,000 டாலர் அபராதம் என்பது 4,000 ஆகவும் மாறிவிடும். கூடவே ஒத்திவைப்புத் தகுதியும் போய்விடும். இதனால் சோதனைக் கருவியின் துல்லியம், இரத்தம் எடுத்த நேரம், ஓட்டிய நேரத்துக்கும் சோதனை நேரத்துக்கும் இடையிலான இடைவெளி ஆகியவை எல்லாம் வழக்கின் மையத்துக்கு வந்துவிடுகின்றன. ஒத்திவைப்புத் தகுதிக்குச் சட்டம் கேட்பது குற்றம் நடந்த வேளையில் இருந்த அளவை. தாளில் இருப்பதோ பின்னர் எடுத்த அளவு. கோட்டுக்கு அருகில் எண் வந்தவர்கள் இந்த வேறுபாட்டை வழக்கறிஞரிடம் கேட்காமல் விடக் கூடாது.

மற்ற விலக்குகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆள்கடத்தல் வாணிபம், குழந்தைகள்மீது தொடர்ச்சியாக நடத்திய பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு அறவே இல்லை. பாலியல் குற்றங்களில் ஒருமுறை கண்காணிப்பு பெற்றவர் மறுமுறை பெற முடியாது. முதல்முறை என்றாலும், பாதிக்கப்பட்டவரின் நலனுக்கு இதுவே உகந்தது என்று நீதிபதி திறந்த மன்றத்தில் பதிவுசெய்தாக வேண்டும். கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் மரணத்துக்குக் காரணமாகவும் இல்லை, கொல்லக் கருதவும் இல்லை, உயிர் போகும் என்று எதிர்பார்க்கவும் இல்லை என்று நீதிபதி முடிவுசெய்தால் ஒழிய இல்லை. போதைப்பொருள் தடை வளையத்துக்குள், அதாவது பள்ளி போன்ற இடங்களுக்கு அருகில், நடந்த குற்றத்துக்காக முன்பே தண்டனை கூட்டப்பட்டவர் மீண்டும் அதே வகை வழக்கில் வந்தால் இல்லை.

ஒரு விந்தையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தல் போன்ற சில கொடுங்குற்றங்களுக்கு நீதிபதி வழக்கமான கண்காணிப்புத் தண்டனையை வழங்க முடியாது என்று அதே அத்தியாயத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஒத்திவைப்பை வழங்கத் தடை இல்லை. மென்மையானதாகக் கருதப்படும் வழி திறந்திருக்க, அதைவிடக் கடுமையான வழி அடைபட்டிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் இதைக் கருதித்தான் செய்தார்களா, காலப்போக்கில் ஒட்டுப்போட்டு வந்த விளைவா என்று நான் கேட்ட வழக்கறிஞர்கள் புன்னகைதான் செய்தார்கள்.

போக்குவரத்து அபராதச் சீட்டுக்கும் இதன் தம்பி ஒன்று உண்டு. நகராட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்லது நோ கான்டெஸ்ட் சொல்லி, கட்டணம் செலுத்தி, அதிகபட்சம் 180 நாள் வேறு சீட்டு வாங்காமல் ஓட்டினால், அந்தச் சீட்டு தள்ளுபடியாகும். அங்கும் வணிக உரிமம் உள்ளவருக்கு இல்லை. பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்த சாலைப் பணிப் பகுதியில் நடந்த மீறலுக்கு இல்லை. நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே இந்தத் தம்பியைப் பயன்படுத்தியிருக்கிறோம். அதன் எளிமை கண்டு அண்ணனும் அப்படித்தான் என்று நினைப்பது பெரிய பிழை.

பிற மாநிலங்களின் சரக்கோடு ஒப்பிட்டால் டெக்சஸ் தாராளமானது. ஜார்ஜியாவின் முதல் குற்றவாளிச் சட்டம் வாழ்நாளில் ஒரே முறைதான். குடித்து ஓட்டிய வழக்குக்குக் கிடையாது. யூட்டாவில் ‘நிறுத்திவைக்கப்பட்ட ஒப்புதல்’ என்ற பொருளில் ஒன்று இருக்கிறது. அங்கும் குடித்து ஓட்டிய வழக்கு விலக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டம் வாசலில் கேட்கும் கேள்விகள். என்ன குற்றம், எவ்வளவு மது, எந்த உரிமம், முன்பு என்ன நடந்தது. வாசலில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் இந்நாட்டுக் குடிமகனா? 102ஆம் பிரிவில் அந்தச் சொல்லே இல்லை. மாணவர் விசாவில் இருப்பவரும், வேலைக்கான எச்1பி விசாவில் இருப்பவரும், பச்சை அட்டை வைத்திருப்பவரும் குடிமகனைப் போலவே இந்த ஏற்பாட்டுக்குத் தகுதி உடையவர்கள். சமத்துவமாகத் தோன்றும் இந்த மௌனத்தில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்.

காரணம் கூட்டாட்சியின் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 1996இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், ‘தண்டனைத் தீர்ப்பு’ என்பதற்குத் தனக்கென ஒரு பொருள் வகுத்துக்கொண்டது. குற்றவாளி என்ற முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அல்லது நோ கான்டெஸ்ட் சொல்லியிருந்தால், அதனோடு நீதிபதி ஏதேனும் தண்டனையோ அபராதமோ சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடோ விதித்திருந்தால், அது தண்டனைத் தீர்ப்பே. டெக்சஸின் ஒத்திவைப்பில் இந்த இரண்டு பாதிகளும் பிறவியிலேயே இருக்கின்றன: ஒப்புதல் இல்லாமல் அது தொடங்காது, கட்டுப்பாடு இல்லாமல் அது நடக்காது. டெக்சஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இலேயே மூசா வழக்கில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. பின்னர் வழக்கு தள்ளுபடியாவதோ, வழக்கின் பதிவு பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கப்படுவதோ குடியேற்ற அதிகாரிகளின் கணக்கை மாற்றுவதில்லை. ஆக, ஒரே தாள், ஒரே கையெழுத்து. டெக்சஸுக்கு அது தண்டனை அல்ல, வாஷிங்டனுக்கு அது தண்டனை.

நண்பரின் மகன் கதை இங்கேதான் வருகிறது. முதுகலை மாணவன், பேரங்காடி ஒன்றின் தானியங்கிக் கட்டணப் பொறியில் சில பொருள்களை வருடாமல் பைக்குள் போட்டான், மதிப்பு 130 டாலர் சொச்சம். டெக்சஸில் திருட்டின் படிநிலை பொருளின் மதிப்பைப் பொறுத்தது: 100 டாலருக்குக் கீழ் அபராதம் மட்டும், 100 முதல் 750 வரை பி வகைச் சிறு குற்றம், 180 நாள் வரை சிறை, 750 முதல் 2,500 வரை ஏ வகை, ஓராண்டு வரை சிறை. மதுரையிலிருந்து நண்பர் தொலைபேசியில் அமர்த்திய வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே தீர்வைச் சொல்லிவிட்டார்: ஒன்பது மாத ஒத்திவைப்பு, முடிந்ததும் தள்ளுபடி, பதிவும் தானாக மறையும். அன்று மாலை பையன் என்னை அழைத்து, “மாமா, இது கன்விக்‌ஷனே இல்லையாம், திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டால் முடிந்ததாம்” என்று நிம்மதியாகச் சொன்னான். வழக்கறிஞர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் கேட்காமல் விட்டது, பையனின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை. பெயரையும் உச்சரிப்பையும் வைத்தே அது தெரிந்திருக்கும் என்பதால், இந்த மறதியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரைமணி நேரம் தனியாகக் கட்டணம் கட்டி உட்கார்ந்தபோது கணக்கு முழுதாக விளங்கியது. திருட்டு பொதுவாக ‘நன்னெறிக்கு முரணான குற்றம்’ என்ற வகையில் வைக்கப்படும். நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய குற்றம் ஒன்றைச் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தால், அவர் நாடு கடத்தப்படத் தக்கவர். உண்மையில் எத்தனை நாள் விதிக்கப்பட்டது என்பது இந்தக் கேள்விக்குப் பொருட்டல்ல. எத்தனை விதித்திருக்கலாம் என்பதே பொருட்டு. பையன் எடுத்தது 130 டாலர் என்பதால் வரம்பு 180 நாள். அந்தக் கத்தி அவன் கழுத்துக்கு வரவில்லை. அதே பையில் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் மடிக்கணினி உறையும் சேர்ந்து 750ஐத் தொட்டிருந்தால் வரம்பு ஓராண்டாகியிருக்கும். டெக்சஸ் நீதிபதி கொடுத்திருக்கக்கூடிய அதே கருணையான ஒத்திவைப்பு அவனைச் சென்னை விமானத்தில் ஏற்றிவிடும் ஆவணமாகியிருக்கும். 130 டாலரிலும் அது தண்டனைத் தீர்ப்பாகவே பதியும். இத்தகைய இரண்டாவது குற்றம் ஒன்று சேர்ந்தால், ஐந்து ஆண்டு எல்லையும் கிடையாது.

போதைப்பொருளில் நிலை இன்னும் மோசம். கஞ்சா இலை இரண்டு அவுன்ஸுக்குள் இருந்தால் டெக்சஸில் பி வகைச் சிறு குற்றம். ஆனால் மாணவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் டிஹெச்சி (கஞ்சாவின் போதைச் சத்து) எண்ணெய் அடைத்த வேப் குழல், ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும், பெருங்குற்றம். இந்த வழக்குகளில் ஒத்திவைப்புக்குச் சட்டத் தடை ஏதும் இல்லாததால் எளிதில் முன்மொழியப்படுகிறது. வீட்டாரும் ‘பெருங்குற்ற வழக்கு, சிறை இல்லாமல் முடிந்ததே’ என்று ஏற்றுக்கொள்கிறார்கள். குடியேற்றச் சட்டமோ, கட்டுப்படுத்தப்பட்ட பொருள் தொடர்பான எந்தத் தண்டனைத் தீர்ப்பையும் நாடு கடத்தக் காரணமாக வைத்திருக்கிறது; சொந்தப் பயன்பாட்டுக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு சம்பவத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆழம் அதன் பின்னாலுள்ள கிணறு.

எச்சரிக்கை கிடையாதா என்றால், உண்டு. ஒப்புதலை ஏற்குமுன், குடிமகன் அல்லாதவருக்கு இதனால் நாடு கடத்தலோ, மீண்டும் நுழைய மறுப்போ, குடியுரிமை மறுப்போ நேரலாம் என்று நீதிபதி அறிவிக்க வேண்டும் என நடைமுறைச் சட்டத்தின் 26.13ஆம் பிரிவு சொல்கிறது. நான் பார்த்த அளவில் அது அச்சிட்ட தாளில் முதலெழுத்து போடும் பல கட்டங்களுள் ஒன்று. ‘நேரலாம்’ என்பது எல்லோருக்கும் பொதுவான சொல். ‘உனக்கு நேரும்’ என்பதுதான் தேவைப்படும் சொல். அந்த இரண்டாம் சொல்லைச் சொல்லும் கடமை வழக்கறிஞருடையது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 மார்ச் 31 அன்று பாடியா எதிர் கென்டக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. ஹோண்டுராஸில் பிறந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி இங்கே வாழ்ந்து, வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் பாடியா. இவ்வளவு காலம் இருந்துவிட்டதால் குடியேற்ற நிலை பற்றிக் கவலை வேண்டாம் என்று தம் வழக்கறிஞர் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்திய வழக்கில் ஒப்புதல் கொடுத்தார். நாடு கடத்தல் ஏறத்தாழ உறுதியாயிற்று. விளைவு தெளிவாக இருக்கும்போது அதைச் சொல்லாத வழக்கறிஞர் தம் அரசியலமைப்புக் கடமையில் தவறியவர் என்றது நீதிமன்றம். எனவே உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கேட்பது தொந்தரவு கொடுப்பதாகாது. அவருக்கு நீங்கள் கொடுத்த பணத்துக்குள் அடங்கியது.

பையனுக்குக் கிடைத்த மாற்று, அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தின் விசாரணைக்கு முந்தைய விலக்குத் திட்டம். அதில் நீதிபதி முன் ஒப்புதல் இல்லை. ஒப்பந்தம் எழுதி, வகுப்புக்குப் போய், 500 டாலருக்குள் கட்டணம் கட்டி முடித்தால் வழக்கு கைவிடப்படும். பின்னர் பதிவையே அழிக்க மனுச் செய்யலாம். ஒத்திவைப்பில் இந்த அழிப்பு கிடையாது, மறைப்பு மட்டுமே. ஆனால் இங்கும் கண் வேண்டும்: சில கவுன்ட்டிகளில் திட்டத்தில் சேரும்போதே எழுத்தில் குற்ற ஒப்புதல் வாங்கிவைக்கிறார்கள், அது எங்கே, யாரிடம், எந்த வடிவில் இருக்கும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும். இதன் தகுதி வரம்புகள் சட்டத்தில் இல்லை. ஒவ்வோர் அலுவலகமும் தானே வகுத்துக்கொள்கிறது. எங்கள் கவுன்ட்டியில் முதல்முறை திருட்டுக்கு இடம் இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மைத்துனர் பக்கம் திரும்புகிறேன். அவர் குடியுரிமை பெற்றவர் என்பதால் மேற்சொன்ன அச்சம் எதுவும் அவருக்கு இல்லை. அவர் அனுபவத்தில் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஓராண்டுக் கண்காணிப்பு. மாதக் கட்டணத்துக்குச் சட்டம் 25 முதல் 60 டாலர் வரை வரம்பு வைத்திருக்கிறது. அவரிடம் மேல் வரம்பே வாங்கினார்கள். ஊதினால்தான் இயந்திரம் கிளம்பும் பூட்டுக் கருவியைக் காரில் பொருத்த வேண்டியிருந்தது. இந்தக் குற்றத்தில் ஒத்திவைப்பு பெறுபவருக்கு, அது தேவையில்லை என்று மதிப்பீட்டின் பேரில் நீதிபதி பதிவுசெய்தால் ஒழிய, கட்டாயம். காலை இட்லிக்குப் பிறகு உடனே ஊத வேண்டாம், புளிப்பு மாவு கருவியைக் குழப்பும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஓராண்டு முழுவதும் வாய் கொப்பளித்துவிட்டே காரில் ஏறினார், தேவைப்பட்டதோ இல்லையோ. கண்காணிப்பு அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார். காத்திருப்பு அறை மட்டும் எப்போதும் நிறைந்திருந்தது. அவர் தந்தையின் எண்பதாம் திருமணத்துக்குத் திருக்கடையூர் போக மூன்று வாரம் கேட்டார். நீதிபதி பத்து நாள் கொடுத்தார்.

பலன் கையில் வந்தது என்ன? தண்டிக்கப்பட்டீர்களா என்று வேலை விண்ணப்பம் கேட்டால் இல்லை என்று உண்மையாகவே எழுதலாம். இந்த வகை வழக்கில் இறுதியாகத் தண்டிக்கப்பட்டவர்கள் கட்டும் 3,000 டாலர் மாநில அபராதம் அவருக்கு வரவில்லை. கண்காணிப்பு முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பதிவை மறைக்க மனுச் செய்யலாம். வேறொருவர் சம்பந்தப்பட்ட விபத்து நடந்திருந்தால் அதுவும் முடியாது. ஆனால் மறுபடி குடித்து ஓட்டிச் சிக்கினால் இந்த ஒத்திவைப்பு முந்தைய தண்டனையாகவே எண்ணப்படும். அது இரண்டாம் முறை என்று வழக்கு மேலேறும். குடும்ப வன்முறை வழக்கிலும் இதே போன்ற கணக்குதான். போதாததற்கு, குடும்ப வன்முறை என்று நீதிபதி பதிந்தால் மறைப்பும் கிடையாது. மறைப்பு கிடைத்தாலும் காவல்துறையும், செவிலியர், மருத்துவர், ஆசிரியர் உரிமம் வழங்கும் வாரியங்களும் தொடர்ந்து பார்க்கும். மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை செய்ய எண்ணுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

முப்பது நாள் வசதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திவைப்பு பெற்ற முப்பது நாளுக்குள் எழுத்தில் கேட்டால் நீதிபதி இறுதித் தீர்ப்புக்குப் போயாக வேண்டும். கடையில் பொருளைத் திருப்பிக் கொடுப்பது போலத் தோன்றும் இது, உண்மையில் கொடுத்த ஒப்புதலைத் திருப்பித் தராது. தீர்ப்பையும் தண்டனையையும்தான் உடனே தரும். தவறான ஆலோசனையில் கையெழுத்திட்டவர்கள் இதை மீட்புக் கதவு என்று நம்பித் தட்ட வேண்டாம். ஒப்புதலிலேயே பிழை என்றால் அந்த மேல்முறையீட்டை ஒத்திவைப்பு வழங்கப்பட்ட உடனே செய்தாக வேண்டும். ஆண்டுகள் கழித்து, முறித்த பிறகு கிளப்ப முடியாது.

மதிப்பெண் கேட்டால், இரண்டாகத்தான் கொடுப்பேன். முதல்முறை சிக்கிய, நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் ஒழுங்குள்ள குடிமகனுக்கு ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று, எண் எழுதாத அந்த வெற்றிடத்துக்காக. விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவருக்கு, குடியேற்ற வழக்கறிஞர் குற்றச்சாட்டின் பிரிவு எண்ணைப் பார்த்து எழுத்தில் சரி என்று சொல்லாத வரை, ஐந்துக்கு ஒன்று. குடித்து ஓட்டிய முதல் வழக்கு மட்டும் தனியாக நாடு கடத்தும் காரணமாவதில்லை என்று ஆறுதல் கொள்பவர்கள், 2015 நவம்பர் முதல் அத்தகைய கைது ஒன்றுக்கே விசா முத்திரையை வெளியுறவுத் துறை ரத்து செய்து வருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; அங்கே தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

எந்த வழியில் முடிந்தாலும், பதிவு மறைக்கப்படுவதற்கோ அழிக்கப்படுவதற்கோ முன்பாக நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் வழக்கின் முடிவைக் காட்டும் சான்றிட்ட நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பமும், பச்சை அட்டை விண்ணப்பமும், குடியுரிமை விண்ணப்பமும் கைதைப் பற்றிக் கேட்கும். மறைத்த பதிவாயினும் சொல்லத்தான் வேண்டும், தாளும் காட்டத்தான் வேண்டும். அழித்த பிறகு அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்பார்கள். நண்பரின் மகன் நான்கு நகல் வாங்கினான். ஒன்று என் வீட்டு அலமாரியில், அவன் அம்மாவுக்குத் தெரியாமல், காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது.